இடது மூலைத் துண்டு

1987ஆம் வருடம் தை அமாவாசை ஒரு வியாழக்கிழமையில் வந்தது. மறுநாள் வெள்ளி, காலை ஏழே கால் மணிக்கு, மயில்சாமி தன் வெள்ளை மாருதி காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து விட்டார். முன்பக்க வேலை என்றால் வண்டியைப் பின்வாக்கில் உள்ளே விடுவதுதான் எங்கள் வழக்கம். வாசல் வெளிச்சம் வேலை நடக்கிற இடத்தில் விழ வேண்டும். அவருக்கும் அது தெரியும். இரண்டு லாரி வைத்திருப்பவர். ஆனால் அன்று நேராக உள்ளே ஓட்டி, மூக்கு பின்சுவரில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"திருப்பி விடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் ஞானதாஸு. மூஞ்சி உள்ளயே இருக்கட்டும்."

என் பட்டறை நாமக்கல்லில் திருச்சி ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளின் வரிசையில் இருந்தது. நான் சேலத்துக்காரன், டிங்கர் வேலை. மனைவி மரியபுஷ்பத்தோடு இங்கே குடிவந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. பட்டறை நிற்கும் இடம் மயில்சாமியுடையது. பத்திரமோ எழுத்தோ எதுவும் கிடையாது. "இருந்துக்க" என்று அவர் ஒரு நாள் சொன்னார், இருந்தேன். "காலி பண்ணு" என்று சொல்லவும் அவருக்கு ஒரு நாள் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்து நாளும் நான் செய்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

காரின் முன் பம்பர் இடது மூலையில் உடைந்திருந்தது.

ஊரில் அப்போது மாருதி கார் நான்கோ ஐந்தோதான். அதன் பம்பர் பிளாஸ்டிக் என்பது கார் வைத்திருந்தவர்களைத் தவிர அநேகம் பேருக்குத் தெரியாது. பம்பர் என்றால் இரும்பு, அவ்வளவுதான். ஆறு மாதம் முன்பு இந்தக் கார் புதிதாக வந்து நின்றபோது, என்னிடம் பெயிண்டராக இருக்கும் சின்னண்ணன் பம்பரை விரலால் தட்டிப் பார்த்து, "ஏனுங், குடம் வாங்குனதுக்கு காரு சும்மா குடுத்தாங்களா?" என்றான். "வெயில்ல நிறுத்திப் போடாதீங்க, உருகி ஓடிரும்" என்றான் பக்கத்துப் பட்டறைக்காரன். மயில்சாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இன்று அவர் முகத்தைப் பார்த்துச் சின்னண்ணன் வாயைத் திறக்கவில்லை.

"என்ன ஆச்சுங்க?"

"நேத்து வெள்ளென அம்மாளக் கூட்டிக்கிட்டு மோகனூர் போனேன். ஆத்துல தலை முழுவி அப்பனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கலாம்னு. ஒரே பனி. எருமைக்கன்னு ஒண்ணு குறுக்க உழுந்துருச்சு."

"கன்னு?"

"எந்திரிச்சு ஓடிருச்சு. நீ வேலையப் பாரு."

போல்ட்டுகளைக் கழற்றி, பம்பரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். "உள்ள வெச்சே பாரேன்" என்றார். இருட்டில் தெரியாது என்றேன். அவர் எழுந்து வந்து எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

நான் பார்த்தது இரண்டு. கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் விரல் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அழுந்திப் பதிந்திருந்தது. சைக்கிள் மட்கார்டுக்கு அடிக்கிற பச்சை. கன்றுக்குட்டியின் மயிரோ சாணியோ ஒரு துளி இல்லை. இரண்டாவது, மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இல்லவே இல்லை. விரிசல் விட்டது, வளைந்தது என்றால் வேறு. இது பெயர்ந்து எங்கோ விழுந்திருக்கிறது.

அப்போது நான் வேலைக்காரனாகவே பேசினேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. "இந்தத் துண்டு கெடைச்சா சூடு காட்டி ஒட்டிரலாங்க. அடிபட்ட எடத்துலயேதான் கெடக்கும்."

மயில்சாமி என்னைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

"அங்க கெடக்குமா?"

"வேற எங்கீங்க போகும்?"

உடனே அவர், வாசலில் நின்ற தன் லாரி டிரைவரின் மொபெட்டை வாங்கி ஓட்டிக்கொண்டு மோகனூர் ரோட்டுப் பக்கமே போனார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது வேட்டியில் நெருஞ்சி முள் ஒட்டியிருந்தது. "இல்லை" என்றார். நான் கேட்கவே இல்லை.

அன்று முழுக்க ஒட்டுப்போடப் பார்த்தேன். இரும்பில் இருபது வருடம் அடித்த கை. பிளாஸ்டிக்கில் அது செல்லவில்லை. கேஸ் தீயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். விளிம்பு புகைந்து சொட்டியது, ஓட்டை இன்னும் பெரிதாகியது. ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கேட்டு வாங்கி, ஒரு கறுப்புக் குடத்தின் அடிப்பாகத்தை அறுத்து உருக்கி வைத்துப் பார்த்தேன். ஆறியதும் கையோடு வந்துவிட்டது. குடத்துப் பிளாஸ்டிக் ஒரு வகை, இது வேறு வகை.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

"டிங்கரு நீங்கதானுங்களா சாமி?"

"ஆமாம்மா."

"என்ற பேரு வள்ளியாத்தாளுங்க. என்ற ஊட்டுக்காரரு அங்கமுத்துன்னு, கரும்பு வெட்டுக்குப் போறவரு. அமாவாசையன்னிக்கு வெள்ளென மோகனூர் ரோட்டுல சைக்கிள்ல போனாரு. எதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுங்க. பால்காரருதான் பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் போறதுக்குள்ள உசுரு இல்லை."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பல இடத்தில் சொல்லிச் சொல்லி ஒரே அளவாக ஆகிவிட்ட பேச்சு அது. பைக்குள் கையை விட்டு, கந்தல் துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பிரித்தாள்.

கறுப்புப் பிளாஸ்டிக். உள்ளங்கை அகலம்.

"அவரு தலைமாட்டுல கெடந்துச்சுங்க. இது என்னன்னு தெரியுங்களா?"

என் முதுகுக்குப் பின்னால், பதினைந்து அடி தூரத்தில், தார்ப்பாய் போட்டு மூடிய கார் நின்றது. பம்பரை அதற்கும் சுவருக்கும் நடுவில் சாத்தி வைத்திருந்தேன்.

"போலீஸ்காரவங்க லாரின்னு எழுதிப்புட்டாங்க. நம்பரு தெரியாத லாரி. இதக் காட்டுனதுக்கு, ஒடஞ்ச பக்கெட்டும்மா, ரோட்டுக் குப்பைய எதுக்குத் தூக்கிட்டு வாரேன்னாங்க. பக்கெட்டுல ஏதுங்க போல்ட்டு மாட்டற ஓட்டை?" துண்டைத் திருப்பி விளிம்பில் இருந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினாள். "நேத்து குடக்கடையில கேட்டேன், சைக்கிள் கடையில கேட்டேன். இன்னிக்கு லாரிப் பட்டறையில கேட்டேன். லாரியில பிளாஸ்டிக்கே கெடையாதுன்னு சிரிக்கறாங்க. அப்ப அடிச்சது லாரி இல்லைதானுங்களே?"

அந்த வரிசையில் இரும்பு தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். இந்தத் துண்டைத் தன் கையால் கழற்றிய பம்பரோடு சேர்த்துப் பார்த்தவன் ஒருவன்தான். அவள் தேடிக்கொண்டு வந்த பதில் என் வாயில் மட்டும்தான் இருந்தது.

"தெரியலையேம்மா" என்றேன்.

அவள் துண்டை மறுபடி கந்தலில் சுற்றினாள். "பரவால்லீங்க. இன்னும் நெறையப் பட்டறை இருக்குது. ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டுப் போறேன்." போனாள். சின்னண்ணன் தகரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்து, அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு தேய்க்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் மயில்சாமி வந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அந்தப் பொம்பள வந்துச்சாமா?"

"வந்துச்சுங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"அதான் ஞானதாஸு." முதுகில் தட்டினார். பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். "தகரமெல்லாம் துருவேறிப் போச்சே. மழைக்கு முந்தி மாத்திக் குடுத்தர்றேன். உம்பட ஊட்டுக்காரிகிட்டக் கூடச் சொல்லு. எங்கியும் போக வேண்டாம், கடசி வரைக்கும் இங்கயே இருந்துக்கலாம்னு." குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அப்பறம், இந்த ஒட்டுப் போடற வேலையெல்லாம் வேண்டாம். புதுசு வாங்கி மாட்டிரு. பழசு இருக்கப்படாது."

"இருக்கப்படாதுன்னா?"

"இருக்கப்படாதுன்னா இருக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று மரியபுஷ்பம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போனேன். மாருதி சாமான் விற்கிற கடையில் வண்டி நம்பர் கேட்டார்கள். மயில்சாமி சொல்லிக்கொடுத்தபடி, "பள்ளிபாளையத்துப் பார்ட்டிங்க, நம்பர் எழுதிட்டு வரலை" என்றேன். அந்தப் பொய்யும் சுலபமாகத்தான் வந்தது. பம்பரைச் சாக்கில் சுற்றிப் பஸ் மேல் ஏற்றியபோது கண்டக்டர், "என்னங்க அது, மாட்டுக்குத் தவுட்டுத் தொட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் ஒரு பொய்.

திரும்பும்போது பஸ் எங்கள் வரிசையைத் தாண்டித்தான் ஸ்டாண்டுக்குப் போகும். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். ஒரு பட்டறை வாசலில் நின்று துண்டை உயர்த்திப் பிடித்திருந்தாள். உள்ளே இருந்தவன் தலையை ஆட்டிக்கொண்டே கையை எங்கோ நீட்டினான். எங்கே நீட்டினான் என்று பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம், பட்டறைக்குப் பின்னால், பழைய பம்பரைக் கொளுத்தினேன். மயில்சாமி பக்கத்தில் நின்றார். இரும்பாக இருந்திருந்தால் இது முடியாது. இரும்பை நிமிர்த்தலாம், அறுக்கலாம், பழைய இரும்புக்குப் போடலாம். அது எங்காவது இருந்துகொண்டுதான் இருக்கும். இது மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்ததும் வளைந்து கொடுத்து, குனிந்து, தன் மேலேயே சரிந்தது. தீ சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் விழும்போது சீறியது. புகை கறுப்பாக எழும்பி வரிசைக்கு மேல் போயிற்று.

"எதுக்குங்ணா எரிக்கறீங்க?" முன்பக்கமிருந்து சின்னண்ணன் கத்தினான். "மண்ணு போட்டுக் கெழங்குச் செடி நட்டு வெச்சுக்கலாமில்ல!"

"உன்ற வேலையப் பாருடா" என்றார் மயில்சாமி.

பச்சைப் பெயிண்ட் பதிந்த இடம் கடைசியாகத்தான் எரிந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கறுப்புக் கட்டி மிஞ்சியது. மயில்சாமி அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை காத்திருந்து, துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

புது பம்பரை அன்றைக்கே மாட்டிவிட்டேன். அதோடு முடிந்திருக்கும். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வண்டியை எடுக்க வந்தபோது கையில் ஒரு சேவல் இருந்தது.

அடிபட்ட வண்டி பட்டறையிலிருந்து கிளம்பும்போது எங்கள் வரிசையில் ஒரு முறை உண்டு. சும்மா இடித்த வண்டி, மாட்டில் மோதிய வண்டி, பள்ளத்தில் விழுந்த வண்டி, இதற்கெல்லாம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய். மனுஷ உயிர் போயிருந்தால் மட்டும் முனியப்பனை நினைத்துச் சேவல் அறுத்து, முன்சக்கரத்தில் ரத்தம் விட்ட பிறகுதான் வண்டி வாசல் தாண்டும். லாரிக்காரர்கள் இதை மறைப்பதில்லை. கேஸ் நடக்கும், டிரைவர் ஜாமீனில் வருவார், சேவல் அறுபடும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். நான் கோயில்காரன் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் என் வாசலிலேயே ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன்.

சின்னண்ணன் நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தான். சேவலைப் பார்த்தான்.

"பழம் கொண்டாந்துட்டேனுங்களே."

"பழம் வேண்டாம். எங்கம்மா ஒத்தைக் கால்ல நிக்குது, கோழி அறுக்காத வண்டி ஊட்டு வாசலுக்கு வரப்படாதுன்னு. அஞ்சு நாளாத் தூங்க மாட்டேங்குது. சட்டுனு அறுத்து உடுடா."

"இங்க வேண்டாங்க" என்றேன் நான், குரலைத் தாழ்த்தி. "தோட்டத்துல வெச்சு..."

"வாசல் தாண்டறதுக்கு முந்தி ஆவணும். தெரியாதா உனக்கு?"

போலீஸுக்கு அவர் வழி செய்து வைத்திருந்தார். எனக்கு வழி செய்து வைத்திருந்தார். முனியப்பனுக்கு மட்டும்தான் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, வாசலில் நிறுத்தி, முறைப்படி இன்ஜினை ஓடவிட்டு இறங்கி நின்றார். சின்னண்ணன் கத்தியை எடுத்தான். சேவல் ஒரு தடவை கூவியது. எதிர்ப்பட்டறையில் ஏணி மேல் நின்றவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலோரம் நின்றார்கள்.

சின்னண்ணன் அறுத்தான். இடது முன்சக்கரத்தில் ரத்தம் வழிந்தது.

"சாமி."

வள்ளியாத்தாள் வாசலுக்கு வெளியே நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ரோட்டுல இருக்கற அத்தனை பட்டறையும் கேட்டுட்டேனுங்க. நேத்திலிருந்து யாருகிட்டக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க, ஆனா உங்க பட்டறையப் பாக்கறாங்க. அதான் மறுக்கா வந்தேன்." அவள் பார்வை சக்கரத்துக்கு இறங்கியது. சேவலின் கழுத்துக்குப் போயிற்று. "யாருங்க செத்துப் போனது?"

மயில்சாமி முன்னால் வந்தார். "யாரும் இல்லாத்தா. எருமைக்கன்னு குறுக்க வந்துருச்சு. நீ அங்கமுத்து சம்சாரந்தானே? கேள்விப்பட்டேன். நம்ம தோட்டத்துக்கு வா, ஒரு மூட்டை அரிசி போடச் சொல்றேன்."

அவள் கை எடுத்துக் கும்பிட்டாள். "மவராசனா இருங்க." பாதி கும்பிட்டில் கை நின்றது. மறுபடி சக்கரத்தைப் பார்த்தாள். தனக்கே சொல்லிப் பார்க்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

"கன்னுக்குட்டிக்குக் கோழியறுப்பாங்களா?"

அவள் மயில்சாமியைக் கேட்கவில்லை, சின்னண்ணனைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டாவது தடவையும் தெரியாது என்று சொல்வேனா என்று அங்கே நின்ற எல்லாரும் பார்த்தார்கள். மயில்சாமி கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"அந்தத் துண்டு இந்தக் காரோட பம்பரும்மா" என்றேன். "இந்தக் காருக்குப் பம்பர் பிளாஸ்டிக். வெள்ளிக்கிழமை காலைல ஏழே காலுக்கு வந்துச்சு. இடது மூலைல உன் கையில இருக்கற அளவுக்குத் துண்டு இல்லை. பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு. சனிக்கிழமை நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். பழைய பம்பரை நேத்து நான்தான் எரிச்சேன்."

"அவரு சைக்கிள் பச்சைதானுங்க" என்றாள் அவள்.

மயில்சாமி கோபப்படவில்லை. "ஞானதாஸு" என்றார், சனிக்கிழமை பேசிய அதே குரலில். "பம்பரு புதுசா இருக்குது. பழசு இல்லை. எதை வெச்சுச் சொல்ற?"

"வெச்சுச் சொல்ல ஒண்ணுமில்லைங்க. எங்க கேட்டாலும் சொல்லுவேன்."

"ஊட்டுக்காரியக் கேட்டுக்கிட்டியா?"

அவர் கதவைத் திறந்து காரில் ஏறினார். கதவு சாத்திய சத்தம் கூட அந்தக் காரில் மெதுவாகத்தான் கேட்கும்.

வள்ளியாத்தாள் கத்துவாள், மண் வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். ரத்தத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, காருக்கு முன்னால், ரோட்டைப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். முதுகைப் பம்பரில் சாய்த்தாள். புதுப் பிளாஸ்டிக் அவள் முதுகுக்குக் கொஞ்சம் உள்ளே வளைந்து கொடுத்தது.

"ஒருத்தரு போயாச்சு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "எடுங்க."

எதிர்ப்பட்டறையில் சம்மட்டி நின்றது. பிறகு அதற்கடுத்த பட்டறையில். சத்தம் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரிசையின் கடைசி வரைக்கும் போயிற்று. பதினோரு வருடத்தில் பகல் நேரத்தில் அந்த ரோட்டை நான் அப்படிக் கேட்டதில்லை. அந்த அமைதியில்தான் காரின் இன்ஜின் ஓடுவது கேட்டது, சின்னதாக, சீராக. யாரோ போலீஸுக்கு ஓடுகிற காலடி கேட்டது. கையில் தலையில்லாத சேவலோடு சின்னண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான், நகரவில்லை.

மயில்சாமி ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தார். ஒரு தடவை. விட்டார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை; முன்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய் பானெட்டின் மேல் கையை வைத்தேன். தகடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் இன்ஜினை நிறுத்தவில்லை.